சூடு கூடினால் கரியில் சாம்பலும் கூடுவது ஏன்?

கேள்வி: மர அறுவையில் மிஞ்சும் தூளையும் துண்டுகளையும் மூடிய உலையில் கரியாக்குகிறோம். 400 டிகிரியில் 100 கிலோ காய்ந்த மரத்துக்கு 34 கிலோ கரி கிடைத்தது, சாம்பல் 3 சதவீதம். 650 டிகிரியில் 25 கிலோதான். சாம்பலோ 4.1 சதவீதம், காரத்தன்மையும் ஏறிவிட்டது. உள்ளே காற்று புகுந்து எரிகிறதா? மண்ணில் இட எது நல்லது?

பதில்: சதவீதத்தை விட்டுவிட்டு கிலோவில் பாருங்கள். 34 கிலோவில் 3 சதவீதம் 1.02 கிலோ; 25 கிலோவில் 4.1 சதவீதமும் ஏறக்குறைய அதேதான். சாம்பலாக மிஞ்சும் தாது அப்படியே இருக்கிறது, கரிதான் குறைந்திருக்கிறது. காற்று புகுந்தாலும் இந்தக் கணக்கு மாறாது என்பதால், அதைக் கண்டுபிடிக்கக் கரியின் எடைதான் வழி. 650 டிகிரிக்கு 25 கிலோ இயல்பான அளவு. 15-க்கு இறங்கினால் கசிவைத் தேடுங்கள். தாதுவின் கிலோவே கூடினால் மணல் ஒட்டியிருக்கும், அல்லது பட்டை அதிகம் சேர்ந்திருக்கும்.

அளவு மாறாவிட்டாலும் தாதுவின் வடிவம் மாறுகிறது. மரத்தில், குறிப்பாகப் பட்டையில், கால்சியம் பெரும்பாலும் ஆக்சலேட் படிகமாக இருக்கிறது. 400 முதல் 500 டிகிரிக்குள் அது கார்பனேட் ஆகிவிடும். இன்னும் சூடேற்றினால் கார்பன் டை ஆக்சைடை இழந்து சுட்ட சுண்ணாம்பாகும். மரநாரோடு பிணைந்திருந்த பொட்டாசியமும் கார்பனேட்டாகிறது. கரியின் மேற்பரப்பிலிருந்த அமிலத் தொகுதிகளும் கழன்றுவிடுகின்றன. காரத்தன்மை ஏறுவது இதனால்தான். 700, 800 டிகிரியைத் தாண்டினால் பொட்டாசியமும் குளோரைடும் ஆவியாகத் தொடங்கி, குளிர்ந்த குழாய்ச் சுவரில் வெள்ளைப் படிவாக ஒட்டும்.

அப்புறம் கரியின் கட்டமைப்பு. மரம் மூன்று பொருள்களால் ஆனது: ஹெமிசெல்லுலோஸ் முதலில் சிதையும், 400 டிகிரிக்குள் செல்லுலோஸும் போய்விடும், நார்களை ஒட்டிவைக்கும் லிக்னின் நிதானமாக உடையும். 400 டிகிரிக் கரியின் நுண்துளைகளில் இன்னும் தார் அடைத்திருக்கும். 650-ல் அது வெளியேறி, துளைகள் திறந்து, மேற்பரப்பு பல மடங்காகிறது. கார்பன் வளையங்கள் இணைந்து தகடுகளாக வளர்கின்றன. ஆனால் கசக்கிய காகிதம் போலத் தாறுமாறாகக் கிடக்கும். இப்படிப்பட்ட கார்பன் 3000 டிகிரியிலும் தகடுகள் ஒழுங்காக அடுக்கிய முழு கிராஃபைட் ஆகாது என்பதை வேதியியலாளர் ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் 1951-லேயே விளக்கிவிட்டார். வெட்டிய கரித்துண்டை உருப்பெருக்கியில் பாருங்கள், மரத்தின் குழாய்கள் வரிசை குலையாமல் தெரியும். எனக்கு அலுக்காத காட்சி அது.

சரி, எதை இடுவது? புளிப்பு மண்ணுக்கு 650 டிகிரிக் கரியே என் தேர்வு. அதன் கார்பன் மண்ணில் நெடுங்காலம் நிற்கும். களர் மண் என்றால் அது வேண்டாம். 400 டிகிரிக் கரியே போதும், சத்தைப் பிடித்து வைக்கும் தொகுதிகள் அதில்தான் அதிகம்.

பூச்சு அடித்த மரத்தையும் மருந்தூட்டிய மரத்தையும் உலைக்குள் விடவே விடாதீர்கள். மருந்திலுள்ள செம்பும் குரோமியமும் மேலே தாதுவுக்குப் பார்த்த அதே கணக்கில் கரியில் செறியும். ஆர்சனிக்கின் ஒரு பகுதி புகையோடு வெளியேறும்.