உங்கள் மகள் தட்டப்போகும் கதவுகள்

வணக்கம் சார்.

"ஸ்டாடிஸ்டிக்ஸ் படிச்ச பொண்ணு, வீடு வீடாப் போய் என்ன சோப்பு போடுறீங்கன்னு கேட்கணுமா?" என்று நேற்று போனில் கேட்டீர்கள். முதல் மூன்று மாதம் களப்பணி என்று சந்தை ஆய்வு நிறுவனத்தின் ஆஃபர் லெட்டரில் பார்த்ததும் உங்களுக்கு மனசு விட்டுப்போய்விட்டது. நின்று நிதானமாகப் பதில் சொல்ல வேண்டிய விஷயம், அதனால் எழுதுகிறேன்.

வேலை ஆலோசனை சொல்ல வருவதற்கு முன் இரண்டு வருடம் நானும் சந்தை ஆய்வில் இருந்தேன். சேர்ந்த புதிதில், வீடு வீடாகக் கேட்டு நிரப்பிய ஒரு கட்டுப் படிவங்களைச் சரிபார்க்கக் கொடுத்தார்கள். ஒரு கட்டம்கூடக் காலியில்லை, எல்லாம் ஒரே சீராக நிரம்பியிருந்தது. அதுதான் உறுத்தியது. நிஜமாகப் பேசும் மனிதர் நடுவில் "ஞாபகமில்லையே" என்பார், ஒரு கேள்வியைத் தட்டிக்கழிப்பார். முகவரிகளை எடுத்துக்கொண்டு ஏழு வீட்டுக்கு நானே போனேன். நான்கு வீட்டில் யாரும் வந்து எதுவும் கேட்கவே இல்லை. அந்தத் தாள்கள் கணினிக்குள் போயிருந்தால், பிறகு யார் என்ன சூத்திரம் போட்டும் பயனில்லை. இப்போது டேப்லெட்டில் இடமும் நேரமும் பதிவாகின்றன. ஆனாலும் மறுபடி போன் போட்டுக் கேட்கும் 'பேக் செக்' இன்னும் நடக்கிறது.

பொய் எழுதாவிட்டாலும் தப்பு வரும். காலை பதினொரு மணிக்குப் போனால் வீட்டில் இருப்பவர்கள் பெரியவர்களும் இல்லத்தரசிகளும்தான். வேலைக்குப் போகிறவர் வீடு பூட்டியிருக்கும். பக்கத்து வீட்டில் கேட்டு முடித்துவிடலாம் என்று கை துறுதுறுக்கும். பூட்டிய வீட்டுக்குச் சாயங்காலம், ஞாயிறு என்று திரும்பப் போனால்தான் ஊரில் பாதிப்பேர் கணக்கில் வருவார்கள்.

அமெரிக்காவில் 1936 அதிபர் தேர்தலின்போது 'லிட்டரரி டைஜஸ்ட்' பத்திரிகை யாருக்கு ஓட்டு என்று கேட்டு சுமார் ஒரு கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பியது. இருபது லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தன. அதிபர் ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லாண்டன் ஜெயிப்பார் என்று எழுதினார்கள். 48 மாநிலங்களில் 46-ஐ ரூஸ்வெல்ட் வென்றார். அவர்கள் முகவரி எடுத்ததில் பெரும்பகுதி டெலிபோன் புத்தகத்திலும் கார் பதிவேட்டிலும். பொருளாதார மந்தத்தில் அவை இரண்டும் வசதியானவர்களிடம் இருந்தவை. சீட்டைத் திருப்பி அனுப்பாதவர்களின் எண்ணமும் தெரியாமலே போயிற்று. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது எல்லாச் சோறும் ஒரே பானையில் வெந்தால்தான் சரி.

அப்புறம் கேள்வி கேட்கும் விதம். "என்ன எண்ணெய் வாங்குறீங்க?" என்றால் டிவியில் வரும் பெயரைச் சொல்வார்கள். "அந்தப் பாக்கெட்டைக் கொஞ்சம் காட்டுறீங்களாம்மா?" என்று கேட்டேன் ஒரு வீட்டில். அந்த அம்மா சிரித்துக்கொண்டே செக்கில் வாங்கிய எண்ணெய்த் தூக்கைக் கொண்டுவந்து வைத்தார். வருமானமும் அப்படித்தான், நேராகக் கேட்டால் வராது. அதனால்தான் 2011-இல் வந்த நுகர்வோர் வகைப்பாடு, குடும்பத்தில் முக்கியமாகச் சம்பாதிப்பவரின் படிப்பையும், 11 பொருட்களில் எத்தனை அந்த வீட்டில் இருக்கின்றன என்பதையும் வைத்து வீட்டைத் தரம் பிரித்தது.

இந்தியப் புள்ளியியலின் முன்னோடி மகலனோபிஸ் பெயரை உங்கள் மகள் பாடத்தில் படித்திருப்பாள். வங்காளத்தில் சணல் விளைந்த பரப்பைக் கணக்கெடுத்தபோது, ஒரே பகுதியைத் தனித்தனிக் குழுக்களிடம் கொடுத்து, இரண்டு விடைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தவர் அவர். அவ்வளவு பெரிய கணித மூளைக்கும் களத்தில் என்ன நடக்கிறது என்பதுதான் கவலை. உங்கள் மகள் நாளைக்கு அலுவலகத்தில் உட்கார்ந்து ஒரு எண்ணைப் பார்த்து "இது சரியில்லை" என்று சொல்லப்போகிறாள் என்றால், அந்தத் தைரியம் இந்த மூன்று மாதத்தில்தான் வரும்.

ஆனால் சில விஷயங்களை நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். தனியாக அனுப்புவார்களா, சூப்பர்வைசரோடா? சாயங்காலம் எத்தனை மணிவரை? பயணப்படி உண்டா? சம்பளம் ஒரு நாளைக்கு இத்தனை படிவம் என்ற கணக்கிலா? கடைசிக் கேள்விக்கு ஆமாம் என்றால் யோசியுங்கள், டீக்கடையில் உட்கார்ந்து படிவம் நிரப்பும் ஆசை அங்கேதான் பிறக்கிறது. மூன்று மாதத்துக்குப் பிறகு எந்தப் பிரிவு என்பதை எழுத்தில் வாங்குங்கள். எக்ஸெல் தெரியும் என்றாள், புள்ளிவிவரங்களை அலசப் பயன்படும் 'ஆர்' (R) என்ற கணினி மொழியையும் இப்போதே தொடங்கட்டும். பட்டத்தில் புள்ளியியல் இருப்பதால் யூபிஎஸ்சி நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வும் அவளுக்குத் திறந்திருக்கிறது. அதற்கும் இந்த அனுபவம் வீண் போகாது.

சனிக்கிழமை அவளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். ஆஃபர் லெட்டரை மறக்காமல் எடுத்து வாருங்கள் சார், வரிவரியாகப் பார்த்துவிடலாம்.