கொலை வழக்கில் கைதானவருக்குக்கூட ஜாமீன் கிடைப்பது எப்படி?

இப்படி ஒரு செய்தி வந்தாலே "பணம் இருந்தா எல்லாம் நடக்கும்" என்று கொதிக்கிறோம். கோபம் புரிகிறது. ஆனால் அது தவறான இடத்தில் விழுகிறது.

விசாரணைக்குக் கூப்பிடும்போதெல்லாம் வருவேன் என்ற உறுதியின் பேரில் வெளியே இருக்கக் கிடைக்கும் அனுமதிதான் ஜாமீன். தீர்ப்புக்கு முன் ஒருவரை உள்ளே வைப்பது தண்டனை அல்ல. ஓடிவிடுவார், சாட்சியை மிரட்டுவார், மறுபடி குற்றம் செய்வார் என்ற பயம்தான் காரணம். மூன்றாவது நடுவர் முடிவு சொல்லும்வரை பேட்ஸ்மேனை அவுட் என்று எழுதிவிட முடியாதல்லவா, அதுபோல.

வெளியே வந்தவர் சும்மா இருக்க முடியாது. இரண்டு பேர் ஜாமீன்தாரராகக் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டியிருக்கலாம். தினமும் காலை 10.30 மணிக்குக் காவல் நிலையத்தில் கையெழுத்திடச் சொல்லும் உத்தரவுகள் நம்மூரில் சகஜம்.

பலருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. கொலை போன்ற கடும் குற்றங்களில் பொதுவாக 90 நாளுக்குள்ளும், மற்ற வழக்குகளில் 60 நாளுக்குள்ளும் போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தாக வேண்டும். தவறினால், ஜாமீன் கேட்டுப் பெறுவது கைதானவரின் உரிமை. நீதிபதி மறுக்க முடியாது. நாம் கேள்வி கேட்க வேண்டியது அந்தத் தாமதத்தைத்தான்.

ஜாமீனில் வந்தவர் விடுதலையானவர் என்று நினைப்பது தவறு. வழக்கு அப்படியே நடக்கும். குற்றம் நிரூபணமானால் மீண்டும் சிறைக்குப் போயாக வேண்டும்.