வங்கி ஏலம் விடும் வீடு: சுத்தியல் விழுந்த பிறகு யோசிக்க நேரமில்லை

கேள்வி: நானும் என் மனைவியும் சிங்கப்பூர்க் குடிமக்கள். ஈசூனில் எங்கள் நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் குறைந்தபட்சக் குடியிருப்புக் காலத்தை முடித்துவிட்டோம். வீட்டுக்கடன் இன்னும் பாக்கி இருக்கிறது. கடன் கட்டாததால் வங்கி கைப்பற்றிய கூட்டுரிமை வீடு (தனியார் கொண்டோமினியம்) ஒன்று ஏறக்குறைய 1.1 மில்லியன் வெள்ளிக்கு ஏலத்துக்கு வருகிறது. தெரிந்தவர் ஒருவர், 3,000 வெள்ளி கொடுத்தால் வங்கிக்குள் பேசி மலிவாக முடித்துத் தருவதாகவும், பிடிக்காவிட்டால் முன்பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்றும் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: நம்ப வேண்டாம். ஏலப் பட்டியலை ஏல நிறுவனங்களே எல்லாரும் பார்க்கும்படி வெளியிடுகின்றன. ஏலத்துக்கு முன்பே நீங்கள் தரும் விலையைச் சொல்ல விரும்பினால் நீங்களே அந்த நிறுவனத்திடம் எழுதிக் கொடுக்கலாம். ‘உள்ளே ஆள் இருக்கிறது’ என்று பேசுபவரின் பெயர், சொத்து முகவர்களைப் பதிவு செய்யும் சொத்து முகவைகள் மன்றத்தின் பொதுப் பதிவேட்டில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பதிவு பெற்ற முகவராகவே இருந்தாலும், வீடு வாங்கும் பணத்தை அவர் கையில் வாங்கச் சட்டம் இடம் தருவதில்லை. பதிவே இல்லாதவர் என்றால் பேச்சை அதோடு முடித்துக்கொள்ளுங்கள்.

வங்கி அடிமாட்டு விலைக்கு விற்றுவிடும் என்பதும் இத்தகையவர்கள் பரப்பும் கதைதான். நியாயமான விலை கிடைக்கத் தக்க கவனம் எடுக்க வேண்டிய சட்டக் கடமை வங்கிக்கு உண்டு. அதற்குக் கீழே கொடுப்பதில்லை என்று ஓர் அடிமட்ட விலையை வெளியில் சொல்லாமல் வைத்திருப்பார்கள். அதே பட்டியலில் உரிமையாளர்கள் தாங்களாகவே விற்கும் வீடுகளும் கலந்திருக்கும் என்பதால், விற்பவர் யார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

முன்பணம் திரும்பக் கிடைக்கும் என்பது இவற்றையெல்லாம்விட ஆபத்தான பொய். வழக்கமான வீட்டு விற்பனையில், வாங்குவதா விடுவதா என்று முடிவெடுக்க விருப்ப உரிமைக் காலம் உண்டு. ஏலத்தில் அது கிடையாது. சுத்தியல் விழுந்த நொடியிலேயே ஒப்பந்தம் உறுதியாகிவிடும். பெரும்பாலும் விலையில் 5 அல்லது 10 விழுக்காட்டை அங்கேயே செலுத்த வேண்டும். பின்வாங்கினால் அது போய்விடும், வங்கி நட்டஈடும் கேட்கலாம். ஆகவே விற்பனை நிபந்தனைகளை ஏலத்துக்கு முன்பே வழக்கறிஞரிடம் காட்டுங்கள். பாக்கியுள்ள பராமரிப்புக் கட்டணம் யார் தலையில் விழும், வீட்டில் யாராவது குடியிருக்கிறார்களா என்பவை அந்தத் தாள்களில்தான் இருக்கும். சாதாரண மனிதர் ஒரு பக்கத்தைக்கூடத் தாண்ட முடியாத நடையில் அவற்றை ஏன் எழுதுகிறார்கள் என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.

அடுத்து பணம். வீவக வீட்டுக்கடன் பாக்கி இருக்கும்வரை, இரண்டாவது வீட்டுக்குப் பொதுவாக 45 விழுக்காடு வரைதான் கடன் கிடைக்கும். விலையில் 25 விழுக்காட்டை, அதாவது 275,000 வெள்ளியை, மத்திய சேமநிதிச் சேமிப்பைத் தொடாமல் ரொக்கமாகக் கட்ட வேண்டும். வங்கி முன்கூட்டித் தரும் கொள்கையளவிலான ஒப்புதலை முடிவான கடனாக எண்ணிவிடாதீர்கள். ஏல விலை, மதிப்பீடு ஆகிய இரண்டில் எது குறைவோ அதன் மீதுதான் கடன் கணக்கிடப்படும். ஏல மண்டபத்தில் சூடேறி மதிப்பீட்டைவிட 60,000 வெள்ளி கூட்டிக் கேட்ட ஒருவர், அந்த முழுத்தொகையையும் கையிலிருந்து போட நேர்ந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

1.1 மில்லியன் வெள்ளி வீட்டுக்கு வாங்குபவர் முத்திரை வரி 28,600 வெள்ளி. இரண்டாவது வீடு என்பதால் கூடுதல் முத்திரை வரி 20 விழுக்காடு, அதாவது 220,000 வெள்ளி. இவை 14 நாள்களுக்குள் கட்ட வேண்டியவை. திருமணமான தம்பதிக்கு இந்தக் கூடுதல் வரியில் ஒரு விலக்கு உண்டு. பலர் இதைத் தவறாகப் புரிந்துகொள்வதால் விரித்துச் சொல்கிறேன். வரியை முதலில் முழுதாகக் கட்டியாக வேண்டும். புதிய வீடு உங்கள் இருவர் பெயரில் மட்டுமே இருக்க வேண்டும். பாசத்தில் அம்மாவின் பெயரையோ மகனின் பெயரையோ சேர்த்தால் சலுகை போய்விடும். கட்டி முடிக்கப்பட்ட வீடு என்றால், அதை வாங்கிய ஆறு மாதத்துக்குள் ஈசூன் வீட்டை விற்க வேண்டும்; விற்ற ஆறு மாதத்துக்குள் பணத்தைத் திரும்பக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். இரண்டையும் வைத்துக்கொள்வதாக இருந்தால் ஒரு காசும் திரும்பாது. தஞ்சாவூரில் பூர்வீக வீடு இருந்தால் கவலை வேண்டாம், வெளிநாட்டுச் சொத்து இந்தக் கணக்கில் சேராது. திருப்பித் தரப்போகும் பணத்துக்காக ஒரு குடும்பத்தை முதலில் கடன் தேடி அலையவிடும் ஏற்பாட்டை நான் மெச்சமாட்டேன். ஆனால் விதி இதுதான்.

வீட்டைப் பார்க்கப் போகும்போது கைவிளக்கு கொண்டு செல்லுங்கள். இத்தகைய வீடுகளில் மின்சாரமும் தண்ணீரும் பெரும்பாலும் துண்டிக்கப்பட்டிருக்கும். குழாயைத் திறந்து சோதிக்க முடியாது. சமையலறைத் தொட்டிக்குக் கீழுள்ள அலமாரிப் பலகை ஊதியிருக்கிறதா, குளியலறையை ஒட்டிய சுவரில் சாயம் உப்பியிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். வீடு இருக்கும் நிலையிலேயே விற்கப்படுவதால், பிறகு கண்டுபிடிக்கும் ஒழுக்குக்கு வங்கி பொறுப்பேற்காது. பழுதுபார்க்க ஆகும் செலவைக் கழித்து உங்கள் உச்ச விலையை ஒரு தாளில் எழுதுங்கள். ஏலத்தன்று அந்தத் தாள் உங்கள் மனைவியின் கையில் இருக்கட்டும்.