பெரிய செயின்சா கேள்வி-பதில்: பிஸ்டன், சைலன்சர், கேஸ்கெட், செயின்

70 சிசிக்கு மேற்பட்ட மெஷின்களைப் பற்றி வந்த கேள்விகள் இவை. இங்கே உள்ள அளவுகள் பொதுவானவை. உங்கள் மாடலின் கையேடு வேறு எண் சொன்னால் கையேட்டின் பேச்சையே கேளுங்கள்.

90 சிசி மெஷினில் பிஸ்டன் சீஸ் ஆனது. புது சிலிண்டர் கிட் போட்டேன், பத்தே நாளில் அதுவும் போய்விட்டது. கிட் மட்டமானதா?

கிட்டின் மேல் பழி போடுவதற்கு முன் பழைய பிஸ்டனைக் கையில் எடுத்துப் பாருங்கள். கீறல் சைலன்சர் பக்கம் மட்டும் இருந்தால், பெட்ரோல் போதாமல் சூடேறியிருக்கிறது. கார்புரேட்டர் பக்கம் தேய்ந்து மங்கியிருந்தால், ஃபில்டரைத் தாண்டித் தூசி உள்ளே போயிருக்கிறது. சுற்றிலும் உரசல், எண்ணெய்ப் பசையே இல்லை என்றால், ஆயில் கலக்காத பெட்ரோலை யாரோ ஊற்றிவிட்டார்கள்.

திரும்பத் திரும்ப வருவது முதல் வகை. அதற்குப் பெரும்பாலும் காரணம் ஏர் லீக், அதாவது ஓட்டை வழியே வெளிக்காற்று உள்ளே நுழைவது. பார்க்க வேண்டிய இடங்கள்: கிராங்க் ஆயில் சீல், கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் இடையிலுள்ள ரப்பர் பூட், இம்பல்ஸ் குழாய் (கிராங்க் அறையின் அழுத்தத் துடிப்பைக் கார்புரேட்டருக்குக் கொண்டுபோவது), டீகம்ப்ரஷன் வால்வு (ஸ்டார்ட் செய்ய எளிதாக அழுத்தத்தைக் குறைப்பது), சிலிண்டர் அடி கேஸ்கெட். ஓட்டை அப்படியே இருக்க, பிஸ்டனை மட்டும் மாற்றினால் புதியதும் அதே வழியில்தான் போகும். ஐடிலிங் நிலையாக நிற்காமல் ஏறி இறங்கினாலோ, ஆக்சிலரேட்டரை விட்டபிறகும் வேகம் சட்டென்று இறங்காமல் தொங்கினாலோ, மெஷினைப் பக்கவாட்டில் சாய்த்ததும் சத்தம் மாறினாலோ ஏர் லீக்கைச் சந்தேகிக்கலாம்.

சோதனை இப்படி. கார்புரேட்டரைக் கழற்றி, உள்ளிழுக்கும் வாயைத் தகடும் ரப்பரும் வைத்து அடையுங்கள். சைலன்சருக்கும் சிலிண்டருக்கும் நடுவே ரப்பர் ஷீட் கொடுத்து இறுக்குங்கள். டீகம்ப்ரஷன் வால்வின் இடத்தில் முதலில் அடைப்பான் போடுங்கள். வால்வைத் திரும்ப மாட்டி இன்னொரு முறை சோதித்தால், கசிவு அதில் இருந்தால் தெரிந்துவிடும். இம்பல்ஸ் குழாய் வழியாகக் கைப்பம்பில் 0.5 பார் அழுத்தம் ஏற்றுங்கள். 20 விநாடி முள் அசையக் கூடாது. அசைந்தால் சோப்பு நீர் தடவிக் குமிழி எங்கே வருகிறது என்று பாருங்கள்.

இதோடு நிறுத்திவிடுகிறவர்கள்தான் ஏமாறுகிறார்கள். அழுத்தம் கொடுக்கும்போது ஆயில் சீலின் உதடு தண்டோடு ஒட்டிக்கொள்ளும், கசிவு மறைந்துவிடும். வெற்றிடத்தில்தான் உதடு விலகும். அதனால் அதே 0.5 பார் அளவுக்கு வெற்றிடமும் இழுத்து, கிராங்கை மெல்லச் சுழற்றியபடியே முள்ளைக் கவனியுங்கள். இந்த இரண்டாம் சோதனையில் தேறாத மெஷினில் புது பிஸ்டன் போடாதீர்கள்.

பழைய சிலிண்டரை உடனே தூக்கி எறியவும் வேண்டாம். சுவரில் ஒட்டியிருப்பது பல நேரம் பிஸ்டனின் அலுமினியம்தான். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு, ஒட்டிய இடத்தில் மட்டும் வைத்தால் அது கரைந்துவிடும். போர்ட்களின் (சிலிண்டர் சுவரிலுள்ள வாய்கள்) விளிம்புகளில் அமிலம் படக் கூடாது, அங்கே இருப்பது வெறும் அலுமினியம். திறந்த வெளியில், கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு செய்யுங்கள். முடிந்ததும் சமையல் சோடா கரைத்த நீரால் கழுவுங்கள். ஒட்டியது கரைந்தபிறகும் அதே இடத்தில் நுரைத்துக்கொண்டே இருந்தால் சிலிண்டர் சுவரின் கடினப் பூச்சு உரிந்துவிட்டது என்று அர்த்தம். அந்த சிலிண்டர் இனி ஆகாது.

மாற்றுக் கம்பெனி சிலிண்டர் வாங்கினால் போர்ட் விளிம்புகளை விரலால் தடவிப் பாருங்கள். கூர்மையாக இருந்தால் ரிங் மாட்டி உடையும். நுண்ணிய எமரியால் லேசாகச் சரிவாக்கி, நன்றாகக் கழுவிய பிறகே மாட்ட வேண்டும். பிஸ்டனின் அம்பு சைலன்சரைப் பார்க்க வேண்டும். பின் கிளிப்புகள் கட்டாயம் புதியவை.

ஆயில் கலவை 50:1 போதுமா? 25:1 தான் பாதுகாப்பு என்கிறார்கள்.

ஜாசோ எஃப்டி (ஜப்பானியத் தரக் குறியீடு) தரமுள்ள 2டி (டூ-ஸ்ட்ரோக்) ஆயில் என்றால் 50:1 போதும், அதாவது லிட்டருக்கு 20 மில்லி. சாதாரண ஆயில் என்றால் 25:1, லிட்டருக்கு 40 மில்லி. படகு எஞ்சின் ஆயில் வேண்டாம், அது நீரால் குளிரும் எஞ்சினுக்கானது. ஆயிலைக் கூட்டினால் அதே ஜெட் வழியே போகும் பெட்ரோல் குறைகிறது என்பதைப் பலர் யோசிப்பதில்லை. விகிதம் மாற்றினால் டியூனிங்கையும் மறுபடி பார்க்க வேண்டும். கலந்ததை 30 நாளுக்கு மேல் வைக்காதீர்கள்.

சைலன்சரைத் திறந்துவிட்டால் பவர் கூடுமா? எவ்வளவு திறக்கலாம்?

கூடும். தொழிற்சாலை சைலன்சரின் வெளிவாய், சத்தத்துக்காகவும் புகை விதிக்காகவும் இறுக்கப்பட்டிருக்கும். வெளிவாய்களின் மொத்தப் பரப்பு, சிலிண்டரின் எக்ஸாஸ்ட் போர்ட் பரப்பில் முக்கால் பங்கு வந்தால் போதும். அதற்கு மேல் திறந்தால் பெருகுவது பெரும்பாலும் சத்தம்தான், பெரிய மெஷினின் சத்தம் இயக்குபவர் காதருகே ஏற்கெனவே 100 டெசிபலைத் தாண்டும்.

துளையிடும் முன் சைலன்சரை மெஷினிலிருந்து கழற்றிவிடுங்கள். ஒரு துண்டு இரும்புத் தூள் உள்ளே போனால் வேலை முடிந்தது. புது வாய் கைப்பிடியையோ பிளாஸ்டிக்கையோ பார்க்கக் கூடாது. பொறி தடுக்கும் வலையை எடுக்கவே எடுக்காதீர்கள், காய்ந்த காட்டில் ஒரு கரிப்பொறி போதும். கேட்டலிஸ்ட் (புகையைச் சுத்தப்படுத்தும் பாகம்) உள்ள சைலன்சரில் கை வைப்பது பல நாடுகளில் சட்டமீறல், வாரன்டியும் போய்விடும்.

இதற்குப் பிறகு செய்ய வேண்டியதைத்தான் மறந்துவிடுகிறார்கள். காற்று அதிகம் ஓடுவதால் கலவை மெலிந்துவிடும், அதாவது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இருக்காது. கார்புரேட்டரில் முழு வேகத்துக்கான பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் 'எச்' ஸ்குருவை எட்டில் ஒரு பங்கு சுற்றாகத் திறந்து டியூன் செய்யுங்கள். எஞ்சின் சூடாக, ஃபில்டர் சுத்தமாக, செயின் கூராக இருக்க வேண்டும். மரத்தில் படாமல் முழு ஆக்சிலரேட்டரை 2-3 விநாடி மட்டும் கொடுக்கும்போது சத்தம் லேசாகக் கரகரக்க வேண்டும். மரத்தில் அழுத்தியதும் கரகரப்பு மறைந்து தெளிய வேண்டும். வெறுமனே ஓடும்போதே வீல் என்று தெளிவாகக் கத்தினால் மெலிந்திருக்கிறது, உடனே நிறுத்துங்கள். ஏமாறும் இடம் ஒன்று இதிலும் உண்டு: பல மெஷின்களில் இக்னிஷன் காயில் தானாகவே உச்ச வேகத்தைக் கட்டுப்படுத்தும். அந்த எல்லையில் வரும் வெட்டுச் சத்தமும் இதே கரகரப்புப் போலவே கேட்கும். டேக்கோமீட்டரில் (சுழற்சி வேகம் காட்டும் மீட்டர்) எல்லைக்குக் கீழே இருக்கிறோமா என்று பார்த்துவிட்டுக் காதை நம்புங்கள்.

ஸ்டில் கம்பெனியின் எம்எஸ் 661 சி-எம் போன்ற மெஷினில் 'எச்' ஸ்குருவே இல்லையே?

அதில் எலக்ட்ரானிக் யூனிட்டே கலவையைச் சரிசெய்துகொள்ளும். கையேட்டில் உள்ளபடி காலிப்ரேஷன் செய்துவிடுங்கள். ஆனால் சிறு ஏர் லீக்கையும் அது ஈடுகட்டி மறைத்துவிடும் என்பதால், அழுத்தச் சோதனை இந்த மாடல்களுக்கும் தேவை.

இழுவை கூட்ட, சிலிண்டரின் அடி கேஸ்கெட்டை எடுத்துவிட்டு ஓட்டலாமா?

அளந்துவிட்டு முடிவெடுங்கள். 1.5 மி.மீ. சால்டர் கம்பியைப் பிளக் துளை வழியாக, சிலிண்டர் சுவரைத் தொடும்வரை, பிஸ்டன் பின்னின் நேர்கோட்டில் நுழைத்துக் கையால் சுற்றுங்கள். குறுக்கே வைத்தால் பிஸ்டன் ஆடி அளவு பொய்யாகும். நசுங்கிய நுனியின் தடிமன்தான் பிஸ்டனுக்கும் சிலிண்டர் தலைக்கும் உள்ள இடைவெளி. இலக்கு 0.5 மி.மீ. இப்போது 1.0 இருந்து, கேஸ்கெட் 0.5 என்றால் எடுக்கலாம். 0.8 தான் இருக்கிறது என்றால் 0.3 ஆகிவிடும், வேகத்தில் பிஸ்டன் தலையில் இடிக்கும்.

சிலிண்டர் இறங்குவதால் எக்ஸாஸ்ட் போர்ட்டும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டும் (கலவை மேலேறும் வழி) தாமதமாகத் திறக்கும், இன்டேக் போர்ட் முன்னதாகத் திறக்கும். இழுவை கூடும், உச்ச வேகம் கொஞ்சம் குறையும். பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது அதன் பாவாடைக்குக் கீழே எக்ஸாஸ்ட் போர்ட் எட்டிப் பார்க்கிறதா என்று அவசியம் பாருங்கள். பார்த்தால் கேஸ்கெட்டைத் திரும்பப் போடுங்கள்.

36 அங்குல பார் (செயின் ஓடும் நீளத் தகடு). வெட்டு எப்போதும் வலப்பக்கம் வளைகிறது.

வலப்பக்கப் பற்கள் நீளமாகவோ கூராகவோ இருக்கின்றன; வெட்டு அந்தப் பக்கமே இழுக்கும். காலிபரில் அளந்து, இருக்கும் மிகக் குட்டையான பல்லுக்குச் சமமாக எல்லாவற்றையும் அரத்தால் இறக்குங்கள். 0.404 அங்குல பிட்சுக்கு (செயின் கண்ணிகளின் இடைவெளி அளவு) 5.5 மி.மீ. உருண்டை அரம், ஆழமானி (பல்லுக்கு முன்னுள்ள மேடு; பல் நுனியைவிட எவ்வளவு தாழ்ந்திருக்க வேண்டும் என்ற அளவு) 0.8 மி.மீ. 3/8 பிட்சுக்கு ஆழமானி 0.65 மி.மீ.; அரம் தயாரிப்பாளரைப் பொறுத்து 5.2 அல்லது 5.5. குறுக்கு வெட்டுக்கு 30 பாகை, பலகை அறுக்க 10 பாகை.

பல் சரியாக இருந்தும் வளைந்தால் குற்றம் பாரில். செயினைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். தளர்ந்து சாய்ந்தால் பள்ளம் அகன்றுவிட்டது. விளிம்பு ஒருபுறம் உயர்ந்திருந்தால் தட்டை அரத்தால் சமன் செய்து, பிசிறை எடுத்து, இனி ஒவ்வொரு முறை செயின் மாட்டும்போதும் பாரைத் திருப்பிப் போடுங்கள். ஸ்பிராக்கெட்டில் (செயினை ஓட்டும் பல்சக்கரம்) தேய்மானம் 0.5 மி.மீ. தாண்டினால் அதையும் மாற்றுங்கள், இல்லையென்றால் புது செயினையும் அது கெடுக்கும்.

நீள பாரின் நுனிவரை ஆயில் போவதில்லை.

பம்பைக் குறை சொல்வதற்கு முன் பாரின் ஆயில் துளையையும் பள்ளத்தையும் சுத்தம் செய்யுங்கள், பாதிப் புகார் அங்கேயே தீரும். பிறகு பம்பை அதிகபட்சத்தில் வைத்து, நுனியை வெளிர் நிற மரத்தின் மேல் ஒரு சாண் உயரத்தில் பிடித்து ஓட்டுங்கள். கோடு விழ வேண்டும். ஒரு டேங்க் பெட்ரோல் தீரும்போது ஆயில் டேங்கின் அடியில் கொஞ்சம் மிஞ்சியிருந்தால் சரி. பாதி இருந்தால் போதவில்லை. பலகை அறுப்பவர்கள் நுனியில் தனியாகச் சொட்டு ஆயில் வைத்தே ஆக வேண்டும்.

கிளட்ச் கழறவே மாட்டேன் என்கிறது.

அது எதிர் மரை. கடிகாரத் திசையில் சுற்றினால்தான் கழறும். கிராங்க் சுற்றாமல் பிஸ்டனைத் தடுக்க, பிளக்கை எடுத்துவிட்டு, பிஸ்டன் மேலேறி எக்ஸாஸ்ட் போர்ட்டை மூடிய பிறகு அந்தத் துளை வழியாக ஒரு கயிற்றை உள்ளே விடுங்கள். முன்னதாக விட்டால் கயிறு போர்ட்டில் மாட்டி நறுங்கும்.