பத்தாயிரம் மடங்கு என்ன ஆயிற்று?

கேள்வி: முள் சீத்தா இலைச் சாறு, கீமோ மருந்தைவிட 10,000 மடங்கு வலுவாகப் புற்றுநோய் செல்லைக் கொல்லுமாம். ஆராய்ச்சியில் நிரூபித்தும் கம்பெனிகள் மறைத்துவிட்டன என்று வாட்ஸ்அப்பில் வந்தது. எங்கள் அண்ணிக்கு மார்பகப் புற்றுநோய். இரண்டு கீமோ முடிந்துவிட்டது. மூன்றாவதை நிறுத்திவிட்டு இந்தச் சாற்றைக் கொடுக்கலாம் என்கிறார்கள் வீட்டில். கொடுக்கலாமா?
— ஒரு வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: கீமோவை நிறுத்தாதீர்கள். முதலில் இதை வீட்டில் சொல்லிவிட்டு வாருங்கள், மிச்சத்தைப் பிறகு படிக்கலாம்.

அந்த 10,000 யாரோ இட்டுக்கட்டிய எண் இல்லை. 1996-இல் ஆய்விதழில் அச்சாகி வெளிவந்தது, இன்றும் யார் வேண்டுமானாலும் தேடிப் படிக்கலாம். மறைத்த பேச்சுக்கே இடமில்லை. படித்தால் தெரிவது வேறு. அவர்கள் சோதித்தது இலையை அல்ல, விதையை. அதுவும் சாறாக அல்ல, விதையிலிருந்து பிரித்தெடுத்த தனித்தனி வேதிப்பொருள்களை. அவற்றில் ஒன்றுக்குத்தான் இந்த 10,000. கொன்றது எச்.டி.-29 என்ற பெருங்குடல் புற்றுநோய் செல்களை, மார்பகச் செல்களை அல்ல. ஒப்பிட்டது அட்ரியாமைசினோடு. சலைனோடு சேர்ந்து சிவப்பாக இறங்குமே, அந்த மருந்து. மார்பகப் புற்றுநோய்க்கு அது முக்கியமானது. பெருங்குடல் புற்றுநோய்க்கு அதை வழக்கமாகக் கொடுப்பதே இல்லை, ஏனென்றால் அங்கே அது சரியாக வேலை செய்யாது. ஓடத் தெரியாதவனோடு ஓடி ஜெயித்த கணக்கு இது. தவிர, ‘மடங்கு’ என்பது எவ்வளவு குறைந்த அளவில் வேலை செய்கிறது என்பதைத்தான் சொல்லும். எவ்வளவு நன்றாகக் குணப்படுத்தும் என்று சொல்லாது.

‘செல் செத்தது’ என்று எப்படி எழுதுகிறார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் தட்டில் 96 குழிகள் இருக்கும். குழிக்கு 5,000 முதல் 10,000 செல்கள், 100 மைக்ரோலிட்டர் திரவத்தில். அதாவது இரண்டு சொட்டு. 37 டிகிரி வெப்பம், 5 சதவீதக் கார்பன்-டை-ஆக்சைடு உள்ள பெட்டியில் ஓர் இரவு வைத்தால் செல்கள் அடியில் ஒட்டிக்கொள்ளும். மறுநாள் மருந்தை வெவ்வேறு அளவுகளில், ஓர் அளவுக்குக் குறைந்தது மூன்று குழி வீதம் விடுவார்கள். 24 முதல் 72 மணி நேரம் கழித்து எம்.டி.டி. என்ற மஞ்சள் சாயத்தை மில்லிலிட்டருக்கு 0.5 மில்லிகிராம் இருக்கும்படி சேர்ப்பார்கள். உயிருள்ள செல் அதை மூன்று நான்கு மணி நேரத்தில் ஊதா நிறப் படிகமாக மாற்றும். படிகத்தை டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானில் கரைத்து, 570 நானோமீட்டர் ஒளியில் நிறத்தை அளப்பார்கள். ஊதா பாதியாகக் குறைந்தால் ‘பாதி செல் போயிற்று’ என்று கணக்கு.

தவறு நடப்பது இங்கேதான். இயந்திரம் பார்ப்பது நிறத்தை, சாவை அல்ல. சாகாமல், பெருகுவதை நிறுத்திய செல்லும் குறைந்த ஊதாவைத்தான் காட்டும். மூலிகைச் சாற்றில் உள்ள சில பொருள்கள் செல்லே இல்லாமலும் மஞ்சளை ஊதாவாக்கிவிடும். அதனால் செல் இல்லாமல் சாறு மட்டும் விட்ட குழி ஒன்று கட்டாயம் வேண்டும். சாற்றைக் கரைக்கவும் டி.எம்.எஸ்.ஓ.தான் பயன்படுகிறது. அது 0.5 சதவீதத்தைத் தாண்டினால் அதுவே செல்லைத் தொந்தரவு செய்யத் தொடங்கும். கரைப்பான் மட்டும் விட்ட குழி இல்லாத கட்டுரையை நான் நம்ப மாட்டேன். தட்டின் ஓரக் குழிகளில் திரவம் ஆவியாகி மருந்து கெட்டிப்படும். அனுபவசாலிகள் அவற்றில் வெறும் உப்புக்கரைசலை நிரப்பிவிட்டு உள்குழிகளை மட்டும் அளப்பார்கள்.

செல் யாருடையது என்பதே சில சமயம் தப்பு. மார்பகப் புற்றுநோய் செல் என்று பல ஆண்டுகள் உலகமெங்கும் பயன்படுத்திய எம்.டி.ஏ.-எம்.பி.-435, கடைசியில் மெலனோமா என்ற தோல் புற்றுநோய் செல் என்று தெரியவந்தது. இப்படி அடையாளம் மாறியவை என்று பட்டியலிடப்பட்ட செல் வரிசைகள், அதாவது ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்த்துவரும் செல் வகைகள், 500-க்கு மேல். அதனால்தான் நல்ல ஆய்விதழ்கள் இப்போது டி.என்.ஏ. அடையாளச் சோதனை முடிவைக் கேட்கின்றன. மைக்கோபிளாஸ்மா தொற்று இல்லை என்பதற்கும் சான்று கேட்கின்றன. அந்தக் கிருமிக்குச் செல்சுவர் கிடையாது, பென்சிலின் ஒன்றும் செய்யாது. திரவம் கலங்காமல் தெளிவாகவே இருக்கும், முடிவு மட்டும் கோணலாகும்.

எல்லாம் சரியாகச் செய்திருந்தாலும் பெரிய கேள்வி பாக்கி இருக்கிறது. காசிமேட்டில் அள்ளிய கடல்தண்ணீரைக் குழியில் நிரப்பினாலும் அந்தச் செல்கள் செத்துவிடும். உடல் திரவத்தைவிட மூன்று மடங்குக்கு மேல் உப்பு அதில். கொல்வது சுலபம். நல்ல செல்லை விட்டுவிட்டுக் கொல்கிறதா என்பதுதான் மருந்துக்கான பரீட்சை. முள் சீத்தாவின் அனோனாசின் வகைப் பொருள்கள் செல்லின் மைட்டோகாண்ட்ரியாவில், சக்தி உற்பத்தியின் முதல் வாசலை அடைக்கின்றன. அதே வாசலை நம்பித்தான் நம் நரம்பு செல்லும் பிழைக்கிறது. கரீபியன் தீவான குவாதலூப்பில், வழக்கமான மருந்துக்குக் கட்டுப்படாத பார்க்கின்சன் வகை நரம்பு நோய்க்கும் இந்தச் செடியின் பழம், இலைக் கஷாயத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்று 1999-இல் எச்சரித்தார்கள். பின்னால் ஆய்வகத்தில் அனோனாசின் நரம்பு செல்களைக் கொல்வதையும் பார்த்தார்கள். எப்போதாவது ஒரு பழம் சாப்பிடுவது வேறு, தினமும் இலையைக் காய்ச்சிக் குடிப்பது வேறு.

செடி என்பதற்காக யாரும் ஒதுக்கவில்லை. சுடுகாட்டுப் பூ என்று நாம் சொல்லும் நித்தியகல்யாணியிலிருந்துதான் வின்கிரிஸ்டின் வந்தது. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் அதைக் கொடுக்கிறார்கள். ஒரு தடவைக்கு 2 மில்லிகிராமைத் தாண்டாமல், ரத்தக்குழாய் வழியாக, அளந்து. அளவு தவறினால் கை கால் மரத்துப்போகும். இலையை அரைத்துக் கொடுத்து அந்த வெற்றி வரவில்லை.

இப்போதைய ஆராய்ச்சி தட்டையான தட்டைத் தாண்டி வந்துவிட்டது. நோயாளியின் கட்டியிலிருந்து எடுத்த செல்களை மேட்ரிஜெல் என்ற கூழுக்குள் உருண்டையாக வளர்க்கிறார்கள். ஆர்கனாய்டு என்று பெயர். 2009-இல் ஒற்றைக் குடல் ஸ்டெம் செல்லிலிருந்து ஹான்ஸ் கிளெவர்ஸ் குழு வளர்த்துக் காட்டியதிலிருந்து இது வேகமெடுத்தது. அந்தக் கூழ் 4 டிகிரியில் தண்ணீராக இருக்கும், 10 டிகிரியைத் தாண்டினால் உறையத் தொடங்கும். நம்மூர் வெயிலில் திரவத்தை அளந்து உறிஞ்சும் பிப்பெட்டின் முனையைக்கூட ஐஸில் குளிர வைத்துத்தான் கையில் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் முனையிலேயே கெட்டியாகி நிற்கும். இந்த உருண்டைகளின் உள்ளே மருந்து எவ்வளவு தூரம் போகிறது என்றும் பார்க்கலாம். விலங்குச் சோதனைக்கு மாற்றாக இத்தகைய முறைகளை ஏற்றுக்கொள்ள 2023-இல் இந்திய மருந்து விதிகளிலும் இடம் கொடுத்தார்கள். இதையெல்லாம் தாண்டி, மனிதரிடம் ஒழுங்காகச் சோதித்த பிறகுதான் மருந்து. முள் சீத்தா அந்தப் படியை எட்டவில்லை.

அண்ணி விஷயத்துக்கு வருகிறேன். கீமோவுக்குப் பெரும்பாலும் 21 நாள் இடைவெளி விடுவதற்குக் காரணம் உண்டு. எலும்பு மஜ்ஜையின் நல்ல செல்கள் அதற்குள் மீண்டு எழும், அடிபட்ட புற்றுநோய் செல்கள் அந்த வேகத்தில் எழாது. அடுத்த தவணையை விட்டால் அவற்றுக்கும் எழுந்திருக்க நேரம் கிடைக்கும். மருந்து ஏறிய 10 முதல் 14 நாளில் வெள்ளை அணுக்கள் மிகக் குறையும். அப்போது காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் வீட்டில் பாராசிட்டமால் கொடுத்துக் காத்திருக்காதீர்கள். சிகிச்சை பெறும் இடம் தூரம் என்றால், ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவு உங்களுக்குப் பக்கத்தில்தான், ராத்திரி என்றாலும் போய்விடுங்கள். ஏற்கெனவே சாறு கொடுத்திருந்தால் எத்தனை நாள், எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி, அடுத்த தவணைக்கு முன் டாக்டர் கையில் கொடுங்கள். திட்டுவார் என்று பயந்து மறைக்க வேண்டாம்.