இடுப்புவலிக்கு 'நரம்பு பேலன்ஸ்' பேக்கேஜ்: பணம் கட்டலாமா?

கேள்வி: வயது 47. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் வீட்டிலேயே தையல் வேலை. ஒன்றரை வருடமாக இடுப்புவலி. ஸ்கேனில் டிஸ்க் பிதுங்கியிருக்கிறது என்றார்கள். மூன்று மாதம் படுத்தே இருந்தேன், வலி தோள் வரை ஏறிவிட்டது, தூக்கமும் போச்சு. புதுச்சேரியில் ஸ்கேன் எடுத்த இடத்தில் பழக்கமான ஒருவர், 21 நாள் மெஷின் வைத்தால் நரம்பு மண்டலம் சமநிலைக்கு வந்துவிடும், 45,000 ரூபாய் என்கிறார். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள் அம்மா. முன்பணம் ஏதாவது கொடுத்திருந்தால் இன்றைக்கே திருப்பிக் கேளுங்கள்.

உங்களைப் பயமுறுத்தியது அந்த ரிப்போர்ட்தான். வலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில், 40 வயதுக்காரர்களில் பாதிப் பேருக்கு டிஸ்க் பிதுக்கம் இருந்தது. முடி நரைப்பது மாதிரி அதுவும் வயதோடு வருவது. உங்கள் வலி நிஜம்தான், ஆனால் இத்தனை மாதம் நீடிக்கிற வலிக்கு டிஸ்க்கை மட்டும் காரணம் சொல்ல முடியாது. 2011 டிசம்பரில் தானே புயல் அடித்துப் போன பிறகு, காற்று கொஞ்சம் வேகமெடுத்தாலே கூரையை அண்ணாந்து பார்த்தோமே, உங்கள் மூளையும் தண்டுவடமும் இப்போது அப்படித்தான் இருக்கின்றன. குனிந்தாலும் திரும்பினாலும், ஊசியில் நூல் கோர்க்க உட்கார்ந்தாலும்கூட ஆபத்து என்று அலறுகின்றன. தூக்கம் கெட்டால் அலறல் கூடும், கவலைப்பட்டால் கூடும், படுத்தே கிடந்தால் இன்னும் கூடும்.

படுக்கச் சொன்னது யாரோ தெரியவில்லை, கேட்கவே ஆத்திரமாக இருக்கிறது. ஏழு நாள் படுக்கச் சொன்னவர்களைவிட இரண்டே நாள் படுக்கச் சொன்னவர்கள் சீக்கிரம் வேலைக்குத் திரும்பினார்கள் என்று 1986-லேயே ஆய்வு வந்துவிட்டது. ஸ்கேனுக்குச் சீட்டு எழுத அரை நிமிடம் போதும், நோயாளியிடம் உட்கார்ந்து பத்து நிமிடம் பேச யாருக்கும் நேரமில்லை. அந்த இடைவெளியில்தான் உங்கள் 21 நாள்காரர் நுழைகிறார். நோயாளியை அனுப்பி வைக்க டாக்டர் கமிஷன் வாங்கக் கூடாது என்று 2002-லேயே விதி இருக்கிறது, நடப்பது என்ன என்று எல்லாருக்கும் தெரியும். நம் ஊரில் தசை, தசைநார், ரத்தக்குழாய் எல்லாவற்றுக்கும் 'நரம்பு' என்ற ஒரே பெயர்தான், அதனால் நரம்பு டானிக், நரம்பு ஊசி, நரம்பு பேலன்ஸ் என்று எதை வேண்டுமானாலும் விற்க முடிகிறது. பெயர் எழுதாத பொட்டலத்தில் வரும் 'மூலிகை' மாத்திரை இரண்டே நாளில் வலியை நிறுத்தினால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம், தொடவே தொடாதீர்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் தாமதம் கூடாது. சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ, தெரியாமலே போனாலோ, மலம் அடக்க முடியாமல் போனாலோ, சைக்கிள் சீட்டில் படுகிற பகுதி மரத்துப் போனாலோ, கால் பலமிழந்து செருப்பு கழன்று விழுந்தாலோ, அன்றைக்கே, ராத்திரி என்றாலும், பெரிய ஆஸ்பத்திரிக்கு அவசரப் பிரிவுக்குப் போங்கள். விடியட்டும், திங்கட்கிழமை ஓபி பார்க்கலாம் என்று இருக்கவே கூடாது. முதுகுத்தண்டின் அடியில், சிறுநீர், மலம், கால் எல்லாவற்றுக்கும் போகிற வால்பகுதி நரம்புக்கட்டு நசுங்கினால் சில மணி நேரம் தாமதித்தாலும் அது நிரந்தரக் கோளாறாகிவிடலாம். வெட்கப்பட்டு வீட்டில் சொல்லாமல் இருந்துவிடுகிற பெண்களை நினைத்துத்தான் இதை இத்தனை தடவை சொல்கிறேன்.

அது எதுவும் இல்லை என்றால், சரி, நாளையிலிருந்து காலையில் பத்து நிமிடம் நடங்கள், மூன்று நாளுக்கு ஒருமுறை இரண்டு நிமிடம் கூட்டுங்கள். நடக்கும்போது வலி கொஞ்சம் ஏறி மறுநாள் காலைக்குள் இறங்கிவிட்டால் பயமில்லை. தையல் மெஷினில் இருபது நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து உட்காராதீர்கள், வலி வந்த பிறகு எழுவதைவிட வருவதற்கு முன்பே எழுந்துவிடுவது முக்கியம். பகல் தூக்கம் வேண்டாம். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் ஒரே நேரத்துக்கு எழுந்திருங்கள். படுக்கும் முன் நாலு எண்ணி மூச்சை இழுத்து ஆறு எண்ணி விடுங்கள், பத்து நிமிடம். உடம்பின் பதற்றத்தை இறக்க இதற்கு ஒரு ரூபாய் செலவில்லை. அரசு மருத்துவமனை பிசியோதெரபி பிரிவிலும் ஒருமுறை காட்டுங்கள். ஒரே வாரத்தில் மாற்றம் தெரியாது, ஆறு வாரம் விடாமல் செய்துவிட்டு, எத்தனை நிமிடம் நடக்கிறீர்கள், ராத்திரி எத்தனை தடவை விழிக்கிறீர்கள் என்று எழுதுங்கள், அப்புறம் அடுத்தது என்ன என்று சொல்கிறேன்.