அம்பேத்கரின் கடிதமும் டு பாய்ஸ் வைத்திருந்த நகலும்

கேள்வி: அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் டு பாய்ஸுக்கு அம்பேத்கர் எழுதிய கடிதத்தை என் ஆய்வேட்டில் மேற்கோள் காட்ட வேண்டும். ஒரு கட்டுரையில் ஜூலை 1946 என்றிருக்கிறது, இன்னொன்றில் தேதியே இல்லை. மூலத்தைப் பார்க்க அமெரிக்காவுக்குத்தான் போக வேண்டுமா?

பதில்: வேண்டாம். வீட்டிலிருந்தே பார்க்கலாம். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹர்ஸ்ட் வளாக நூலகம் டு பாய்ஸின் தாள்களை ஸ்கேன் செய்து ‘கிரெடோ’ என்ற தன் இணையக் களஞ்சியத்தில் போட்டிருக்கிறது. சுமார் ஒரு லட்சம் ஆவணங்கள். படிக்கக் கட்டணம் இல்லை. தேடும்போது ‘டு’ தனியாக, ‘பாய்ஸ்’ தனியாக ஆங்கிலத்தில் அடியுங்கள். சேர்த்து அடித்துவிட்டு ஒன்றும் கிடைக்கவில்லை என்று உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சரி, தேதி. நூலகப் பட்டியலில் ‘சுமார் ஜூலை 1946’ என்றிருக்கும். அந்தச் ‘சுமார்’ பட்டியல் போட்டவருடைய சொல். நீங்களும் அதை அப்படியே எழுதுங்கள், உதிர்த்துவிடாதீர்கள். உறுதியான தேதி வேண்டுமென்றால் பதில் கடிதத்தைத் திறங்கள்: 31 ஜூலை 1946. டு பாய்ஸ் தனக்கு வந்த கடிதங்களை மட்டுமல்ல, தான் அனுப்பியவற்றின் நகல்களையும் சேர்த்து வைத்தவர். இந்தத் தொகுப்பின் அருமையே அதுதான். பல தலைவர்களின் தாள்களில் ஒரு பக்கப் பேச்சுதான் மிஞ்சும். இங்கே கேள்வியும் இருக்கிறது, பதிலும் இருக்கிறது.

இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் விஷயம் பிடிபடும். அமெரிக்கக் கறுப்பர்களின் அமைப்பான தேசிய நீக்ரோ காங்கிரஸ், அவர்களுக்கு நீதி கேட்டு ஐ.நா.வுக்கு ஒரு மனு கொடுத்ததை அறிந்த அம்பேத்கர், இந்தியத் தீண்டப்படாதோரும் அதே வழியில் போக நினைப்பதாகச் சொல்லி, இரண்டு மூன்று பிரதிகள் கேட்கிறார். டு பாய்ஸ் மனுவை இணைத்து அனுப்புகிறார். கூடவே, இதைவிட விரிவான ஒன்றை, கறுப்பர் உரிமைக்காகப் போராடும் என்.ஏ.ஏ.சி.பி. சங்கம் கொண்டுவரக்கூடும், வந்தால் பிரதி அனுப்புகிறேன் என்கிறார். அந்த விரிவான மனு 1947 அக்டோபரில் ஐ.நா.வுக்குப் போனது, அதைத் தயாரிக்கும் பொறுப்பு டு பாய்ஸுடையதுதான். ஆய்வேட்டில் கடிதத்தோடு நின்றுவிடாமல் இதையும் தொடுங்கள்.

டு பாய்ஸைப் பற்றி ஒரு பத்தி எழுத வேண்டியிருக்கும். 1868இல் மாசசூசெட்ஸின் கிரேட் பாரிங்டனில் பிறந்தார். ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பர். 1909இல் என்.ஏ.ஏ.சி.பி.யைத் தொடங்கியவர்களில் ஒருவர்; 1910 முதல் 1934 வரை அதன் ‘தி கிரைசிஸ்’ இதழின் ஆசிரியர். 1951இல் அமெரிக்க அரசு அவர்மீது வழக்குப் போட்டது. விடுதலையானார், ஆனாலும் 1958 வரை பாஸ்போர்ட் கிடைக்கவில்லை. 1961இல் கானாவுக்குக் கிளம்பியபோது தாள்களை வரலாற்றாசிரியர் ஹெர்பர்ட் ஆப்தெக்கரிடம் ஒப்படைத்தார். அரசுக்கு வேண்டாதவரின் காகிதங்களை வீட்டில் வைத்துக் காப்பது அன்றைக்குச் சின்ன விஷயமல்ல. டு பாய்ஸ் 1963இல் கானாவின் தலைநகர் அக்ராவில் இறந்தார். பத்தாண்டு கழித்து, 1973இல், பல்கலைக்கழகம் அவர் மனைவி ஷர்லி கிரகாமிடமிருந்து தாள்களை வாங்கியது.

அப்புறம், அடிக்குறிப்பில் இணைய முகவரி மட்டும் போதாது. ஒவ்வொரு ஸ்கேனுக்கும் கீழே ‘மம்ஸ்312’ (mums312) என்று தொடங்கும் அடையாள எண் இருக்கும். முகவரி மாறினாலும் அதை வைத்துத் தேடி எடுக்கலாம். நாலு வரி மேற்கோளுக்குச் சிக்கல் இல்லை. கடிதத்தின் படத்தைப் புத்தகத்தில் அச்சிடுவதாக இருந்தால், நூலகத்தின் சிறப்புத் தொகுப்புப் பிரிவுக்கு முன்கூட்டியே மின்னஞ்சல் அனுப்பி அனுமதி கேட்டுவிடுங்கள்.